பேயிரவும் காவலும்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர்த் திங்கள் 31-ஆம் நாள் இரவு, அமெரிக்க நாட்டுச் சிறுவர் சிறுமியர் பேயாகவும் சூனியக்காரியாகவும் எலும்புக்கூடாகவும் வேடமிட்டு வீடுவீடாகச் சென்று கதவைத் தட்டுவர். இனிப்புத் தராவிட்டால் குறும்பு செய்வோம் என்பது அவர்களுடைய விளையாட்டு மிரட்டல். இதுவே ஹாலோவீன் விழா. நவம்பர் முதல் நாள் கிறித்தவர்களுக்கு அனைத்துப் புனிதர் திருநாள். அதற்கு முந்திய இரவு என்பதே இச்சொல்லின் பொருள். நம் கிறித்தவ நண்பர்கள் மெழுகுவத்தி ஏந்திச் செல்லும் கல்லறைத் திருநாள், இவற்றை அடுத்து நவம்பர் 2-இல் வருகிறது. அயர்லாந்திலிருந்து குடியேறியோர் இவ்வழக்கத்தை அமெரிக்காவில் பரப்பினர். தாய்நாட்டில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள், அங்கே பூசணிக்காயைக் குடைந்தனர்.

விழாவின் வரலாற்றை விரிப்பது என் நோக்கமன்று. அறிமுகமில்லாதவர் வீட்டுக் கதவை இருட்டில் முகமூடியோடு தட்டுவதே சடங்காக உள்ள ஒரு நாளில், ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளையும் வீடுகளையும் எவ்வாறு காத்துக்கொள்கிறது என்பதே என் மனத்தை ஈர்த்தது. படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. மக்கள் மிகுதியாக அஞ்சிய ஆபத்து வேறு. உண்மையில் உயிரைக் குடித்த ஆபத்து வேறு.

அமெரிக்கத் தாய்மார் நெடுங்காலமாக அஞ்சி வந்தது எதற்கு? முன்பின் அறியாதவர் தரும் மிட்டாயில் நஞ்சு இருக்குமோ, ஆப்பிளுக்குள் பிளேடு இருக்குமோ என்பதற்குத்தான். 1974-இல் டெக்சாஸ் மாநிலத்தில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அன்றிரவு கிடைத்த இனிப்புத் தூளைத் தின்று இறந்தான். அதில் சயனைடு கலந்திருந்தது. ஊரே நடுங்கியது. ஆனால் விசாரணையில் அகப்பட்டவர் அயலார் எவருமல்லர். ஆயுள் காப்பீட்டுத் தொகைக்கு ஆசைப்பட்ட, பெற்ற தந்தையே! அவருக்கு 1984-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இதற்கிடையே, 1982-இல் சிகாகோ வட்டாரத்தில் கடையில் விற்ற வலிநிவாரண மருந்தில் யாரோ சயனைடு கலந்ததால் ஏழு பேர் மாண்டனர். சில வாரங்களில் வந்த ஹாலோவீனின்போது அச்சம் உச்சத்தை எட்டியது. பிள்ளைகளின் மிட்டாய்ப் பைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் தர மருத்துவமனைகள் முன்வந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜோயல் பெஸ்ட் என்னும் சமூகவியல் அறிஞர், 1958 முதல் நாளேடுகளில் வந்த இத்தகைய செய்திகளைத் திரட்டி, மற்றோர் ஆய்வாளருடன் சேர்ந்து 1985-இல் கட்டுரை வெளியிட்டார். அயலார் கொடுத்த ஹாலோவீன் தின்பண்டத்தால் ஒரு குழந்தை இறந்ததாகவோ பெருங்காயமுற்றதாகவோ உறுதிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பல செய்திகள் வெறும் புரளி. உறை கிழிந்த மிட்டாயை எறிந்துவிடுவதில் தவறில்லை. அதற்கு மேல் அஞ்சுவதற்கு அதில் ஒன்றுமில்லை என்பதே என் கருத்து.

உண்மையான எமன் வீதியில் நின்றான். 1975 முதல் 2016 வரை 42 ஆண்டு விபத்துகளை ஆராய்ந்த மருத்துவர் குழு, ஏனைய மாலைகளைவிட ஹாலோவீன் மாலையில் நடந்து செல்வோர் வாகனம் மோதி இறக்கும் அபாயம் 43 விழுக்காடு கூடுதல் என்று கண்டது. காரணம் எளிது. கருப்பு உடை, கண்ணை மறைக்கும் முகமூடி, காலைத் தடுக்கும் நீண்ட அங்கி, குடித்துவிட்டுக் காரோட்டும் பெரியவர்கள். ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டையை உடையில் ஒட்டுதல், முகமூடிக்குப் பதில் முகத்தில் சாயம் பூசுதல், பூசணிக்குள் மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வைத்தல் ஆகியவை அங்கே பெற்றோர்க்குச் சொல்லப்படும் அறிவுரைகள்.

குற்றத்தடுப்பு என்ற அளவில் நான் வியந்து படித்தது டெட்ராய்ட் நகரத்தின் கதை. கார்த் தொழிலால் செழித்த அந்நகரில் 1950-இல் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர்; 1990-இல் எஞ்சியோர் ஏறத்தாழ 10 லட்சம். தொழில் நலிந்து மக்கள் வெளியேற, வீதிதோறும் பாழடைந்த வீடுகள் நின்றன. அக்டோபர் 30-ஆம் நாள் இரவை அங்கே ‘சாத்தான் இரவு’ என்பர். முன்பு சன்னலில் சோப்புத் தடவுவதும் மரங்களில் காகிதச் சுருள் வீசுவதுமாக இருந்த இளைஞர் குறும்பு, நாளடைவில் பாழ்வீடுகளுக்குத் தீயிடும் வெறியாயிற்று. 1984-இல் ஹாலோவீனையொட்டிய மூன்று நாட்களில் 800-க்கும் மேற்பட்ட தீ விபத்துகள்! அடுத்த வீட்டில் உறங்கும் குடும்பத்தின் கதி என்னாவது?

நகர நிர்வாகம் பல முனைகளில் இறங்கியது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் இரவில் வெளியே திரியத் தடை விதித்தது. அந்நாட்களில் கேனில் பெட்ரோல் விற்கக் கூடாதென்றது. கேட்பாரற்றுக் கிடந்த டயர்களை அகற்றியது; பாழ்வீடுகள் சிலவற்றை இடித்தது. இவற்றினும் மேலாக, மக்களையே காவலுக்கு அழைத்தது. வீட்டு முகப்பு விளக்குகளை இரவெல்லாம் எரியவிட்டு, தொண்டர்கள் தத்தம் கார்களில் மஞ்சள் விளக்குச் சுழல வீதிகளைச் சுற்றினர். ஆளில்லாத வீடு ஒவ்வொன்றையும் அக்கம்பக்கத்தார் ஒருவர் ‘தத்து’ எடுத்துக் கண்காணிக்கும் ஏற்பாடும் இருந்தது. காவலர் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட இதுவே திறமான செயல் என்பேன். பார்க்க ஆளிருக்கும் இடத்தில் தீக்குச்சி கிழிக்கக் கை கூசுமல்லவா?

தீ குறைந்தது. குறைந்ததும் ஊக்கமும் குறைந்தது. 1994-இல் நெருப்பு மறுபடி தலைதூக்கியது. மறு ஆண்டு மேயர் டென்னிஸ் ஆர்ச்சர் பல்லாயிரம் தொண்டர்களைத் திரட்டி, அவ்விரவுக்குத் ‘தேவதைகள் இரவு’ என்று பெயரே மாற்றினார். 2018 முதல் அந்த ரோந்து தேவைப்படவில்லை. பேட்டைதோறும் குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கும் விழா அதனிடத்தைப் பிடித்துக்கொண்டது.

இன்னொன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. காவல் என்பதே கொலையாகவும் முடியும். 1992 அக்டோபரில் லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜ் நகரில், யோஷிஹிரோ ஹத்தோரி என்னும் 16 வயது ஜப்பானிய மாணவர், ஹாலோவீன் விருந்துக்கு வேடமணிந்து சென்றவர், வழி தவறி வேறொரு வீட்டு மணியை அடித்துவிட்டார். அஞ்சிய வீட்டுக்காரர் துப்பாக்கியோடு வந்து, அசையாதே என்று ஆங்கிலத்தில் கூவினார். கூவியதன் பொருளை அம்மாணவர் உணரவில்லை போலும், முன்னே நடந்தார். ஒரே குண்டு. நம்மைப் போல் படிக்கச் சென்ற பிள்ளை, ஒரு சொல் விளங்காமல் செத்தான் என்று படித்த அன்று எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. குற்றவியல் நீதிமன்றம் 1993-இல் வீட்டுக்காரரை விடுவித்தது. பெற்றோர் ஜப்பானில் 17 லட்சம் கையெழுத்துக்கு மேல் திரட்டி, அமெரிக்க வீடுகளில் துப்பாக்கி வேண்டாமென்று அதிபர் கிளின்டனிடம் அளித்தனர். மகன் பெயரில் ஒரு நிதியும் நிறுவினர். அந்நிதியைக் கொண்டு அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ஜப்பானுக்கு வரவழைத்துத் தங்கிப் படிக்க வைத்தனர்.