பாரமும் லாகவமும்

1955ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் ஸ்தாபனத்தார், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தோற்றுவித்து, திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிளை உருவாக்கத் தலைப்பட்ட காலந்தொட்டு, அவ்வண்டியின் கம்பீரத்தில் மனம் பறிகொடுத்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். அந்தக் கம்பீரத்துக்கு ஆதாரமான பாரமோ, வண்டி ஓடும்போது தன்னை மறைத்துக்கொண்டு, அதை நிறுத்தவேண்டிய தருணத்தில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. இன்றைய கிளாஸிக் 350 வண்டியின் எடை, பெட்ரோலும் எண்ணெயும் உட்பட, 195 கிலோ. அதை டபுள் ஸ்டாண்டில் ஏற்றும்படி சொன்னால், நெடுந்தூரப் பிரயாணங்களுக்கு அஞ்சாதவர்களும் சற்றே தயங்குவதைக் காண்கிறோம்.

சைடு ஸ்டாண்டு இருக்கையில் இந்தப் பிரயாசை எதற்கு என்று கேட்கலாம். சாய்ந்து நிற்கும் வண்டியில் என்ஜின் எண்ணெயின் மட்டத்தைச் சரியாக அறிய முடியாது. பின்சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுழற்றி, செயினின் தளர்ச்சியைப் பல இடங்களில் சோதிப்பதும் இயலாது. வழியில் பின்சக்கரம் பஞ்சராகிவிட்டால், அதைக் கழற்றுவதற்கு டபுள் ஸ்டாண்டே துணை. குறுகலான தெருக்களிலோ, நிமிர்ந்து நிற்கும் வண்டி அயலாருக்கும் இடம் விடுகிறது. ஆகவே, தம் வாகனத்தைத் தாமே பேணிக்கொள்ள விரும்பும் எவருக்கும் இந்த அப்பியாசம் அவசியமாகிறது.

இதற்குப் புஜபலமே பிரதானம் என்று எண்ணுவதுதான் சிரமங்களுக்கெல்லாம் மூலகாரணம். வண்டியின் அடிச்சட்டத்தில் கீல்போல அசையும் இரண்டு கால்களும், இடப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மிதியும் சேர்ந்ததே இந்த ஸ்டாண்டு. மிதியை அழுத்தும்போது அது நெம்புகோலாகி, வண்டியைச் சற்றே உயர்த்திப் பின்னுக்கு நகர்த்துகிறது. கால்கள் செங்குத்து நிலையைக் கடந்து முன்னோக்கிச் சாய்ந்த மாத்திரத்தில், அதுவரை எதிர்த்து நின்ற பாரமே வண்டியை அசையாமல் நிறுத்தும் காவலாக மாறிவிடுகிறது. முழு வண்டியையும் தூக்குவதாக நமக்குத் தோன்றினாலும், அதன் பாரம் உயர்வது சில சென்டிமீட்டர்தான். மாடிப்படியில் ஒரு படி ஏறுவதற்கு நாம் செலவிடும் சக்தியைவிட அது மிகுதியன்று. படி ஏறுகையில் சரீரத்தின் பாரத்தைக் காலில் இறக்குவதுபோலவே இங்கும் செய்யவேண்டும்.

சமதளமான, உறுதியான தரையில் வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சைடு ஸ்டாண்டை மடக்காமலே விட்டு, இடப்புறத்தில் வண்டியை நோக்கி நின்றுகொள்ளவேண்டும். இடக்கை ஹேண்டில்பாரின் பிடியைப் பற்றி முன்சக்கரத்தை நேராக வைத்திருக்க, வலக்கை பின்சீட்டின் பக்கத்துக் கைப்பிடியைப் பற்றட்டும். வலக்காலால் மிதியை மெல்ல அழுத்தியபடி, வண்டியைச் சிறிதே இருபுறமும் அசைத்தால், ஸ்டாண்டின் இரண்டு கால்களும் தரையில் ஒருசேரப் பதிந்ததைப் பாதமே உணர்த்தும். இந்த நிச்சயம் ஏற்படுமுன் அழுத்துவோரே பெரும்பாலும் தோற்கிறார்கள். நிச்சயம் ஏற்பட்டபின், முதுகை வளைக்காமல், சரீரத்தின் முழுப் பாரத்தையும் வலக்காலில் இறக்கி, மிதியின்மேல் எழுந்து நிற்பதுபோல் நேர்கீழாக அழுத்தினால், வலக்கை வழிகாட்டினாலே போதும், வண்டி தானே பின்னேறி அமர்ந்துவிடும்.

கையால் தூக்க முயல்வது இடுப்புக்குத் தீங்கு. மெல்லிய செருப்போடு மிதிப்பது பாதத்துக்குத் தீங்கு. கோடை வெயிலில் இளகிய தாரிலும், மழையில் ஊறிய மண்ணிலும் ஸ்டாண்டின் கால்கள் புதையுமாதலால், அடியில் ஒரு பலகையை இடுவது விவேகம். உயரம் குறைந்தவர்களும் முதியவர்களும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கனமுள்ள பலகையின்மேல் பின்சக்கரத்தை ஏற்றி நிறுத்திக்கொண்டால், வேலை பாதியாகக் குறையும். பழகும் நாட்களில் வலப்புறத்தில் ஒருவர் துணை நிற்பது உசிதம்.

இத்தனை எளிய வித்தையை ஆண்மைக்கு வைத்த பரீட்சையாக்கி, பெட்ரோல் பங்கிலும் வாகன நிறுத்தத்திலும் ஒரு பெண்ணோ மெலிந்த இளைஞனோ திணறும்போது வேடிக்கை பார்த்து நிற்பது நம்மிடையே வழக்கமாகியிருப்பது மிகவும் வருந்தத்தக்கது. அத்தருணத்தில் நாம் செய்யத்தக்க உபகாரம், வண்டியைப் பிடுங்கி நாமே ஏற்றிவிடுவதும் ஆகாது. பாதத்தை எங்கே வைப்பது, பாரத்தை எப்படி இறக்குவது என்று சொல்லி, அவர் கையாலேயே செய்து முடிக்கும்வரை உடனிருப்பதே மெய்யான உதவியாகும். புது வண்டியின் சாவியை மாலை மரியாதையோடு வழங்கும் விற்பனையாளர்களும், சாவியோடு இந்த லாகவத்தையும் பத்து நிமிஷம் பொறுமையாகக் கற்பித்து அனுப்புவதைத் தங்கள் கடமையாகக் கொள்ளவேண்டும்.