தூக்கப் பரிசோதனை: அந்த ஓர் இரவில் என்ன நடக்கும்?

தூக்கமின்மை எமது பெண்களுக்குப் புதிதல்ல. 1990களில் கதவு தட்டப்படும் சத்தத்திற்குப் பயந்து விழித்திருந்தவர்கள், 2004 டிசம்பர் 26இன் பின்னர் கடல் சற்று இரைந்தாலே எழுந்து உட்காருபவர்கள் என மருதமுனை தொடக்கம் நிந்தவூர் வரை பலரைச் சந்திக்கின்றோம். ஆகவே ஒரு பெண் "இரவில் நித்திரை இல்லை, பகலில் உடம்பெல்லாம் அசதி" என்று சொன்னவுடன் "மனக்கவலைதான்" என்ற பதில் வந்துவிடுகின்றது. பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எல்லா வேளைகளிலும் அல்ல.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடும் நோய் ஒன்றுண்டு. வைத்தியர்கள் இதனை 'ஸ்லீப் அப்னியா' என்பர். மூச்சு 10 செக்கன் அல்லது அதற்கு மேலாக நிற்கும். இரத்தத்தில் ஒட்சிசன் குறையும். மூளை திடுக்கிட்டு உடம்பை உலுப்பி எழுப்பும். இது ஓர் இரவில் நூற்றுக்கணக்கான தடவைகள் நடந்தாலும் காலையில் எதுவும் ஞாபகத்தில் இருக்காது. தலையிடி, களைப்பு, மறதி, எரிச்சல் என்பவையே மிஞ்சும். கவனிக்காது விட்டால் இரத்த அழுத்தமும் இருதய நோயும் கூடலாம்.

இந்நோயை முதலில் கண்டுகொள்பவர் பெரும்பாலும் பக்கத்தில் படுப்பவரே. கணவனை இழந்து தனியே படுக்கும் பெண்ணின் குறட்டையை யார் கேட்பது? கேட்ட பிள்ளைகளும் "உம்மா குறட்டை விடுறா" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பெண்களும் வைத்தியரிடம் குறட்டையைச் சொல்ல வெட்கப்பட்டு, களைப்பை மட்டுமே சொல்கின்றனர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் செய்யப்பட்டு 1997இல் வெளியான ஆய்வொன்றில், இந்நோய் நடுத்தரமாக அல்லது கடுமையாக இருந்த பெண்களில் 93 வீதமானோருக்கு அது கண்டறியப்படாமலேயே இருந்தது. மாதவிடாய் நின்ற பின்னர் இதன் ஆபத்து கூடுகின்றது என்பதையும், போரில் துணையை இழந்தவர்களில் பலர் இன்று அந்த வயதில் இருக்கின்றனர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நித்திரைக் குளிசையைக் கேட்டு வாங்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சில குளிசைகள் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி மூச்சடைப்பைக் கூட்டிவிடும்.

இதனை உறுதி செய்வதற்கே தூக்கப் பரிசோதனை. இவ்வசதி எல்லா வைத்தியசாலைகளிலும் இல்லை. கல்முனையில் காட்டினால் கண்டி, கொழும்பு போன்ற தூர இடங்களுக்கு அனுப்பப்படலாம். இரவு பஸ்ஸில் கண்விழித்துப் போய், களைப்பில் பகலெல்லாம் தூங்கிவிட்டு அன்றிரவே பரிசோதனைக்குப் படுப்பது நல்லதல்ல. முடிந்தால் முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள்.

அன்று தலையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். எண்ணெய் வைக்கக் கூடாது. எமது பெண்கள் மறக்கக்கூடியது இதுதான், எண்ணெய்த் தலையில் வயர் ஒட்டாது. விரலில் மாட்டும் கருவி நகத்தினூடாக ஒளியைச் செலுத்தி ஒட்சிசனை அளப்பதால் நகப்பூச்சை அகற்றுங்கள். மருதோண்டி கறுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மதியத்திற்குப் பின் தேநீர், கோப்பி வேண்டாம். பாவிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் காட்டுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். தளர்வான, மேலும் கீழும் தனித்தனியான உடுப்பு வசதியானது.

மாலையில் தொழில்நுட்பவியலாளர் தலை, கண்ணோரம், நாடி, நெஞ்சு, கால் ஆகிய இடங்களில் சிறு வயர்களை ஒட்டுவார். நெஞ்சிலும் வயிற்றிலும் உடுப்புக்கு மேலாகப் பட்டி வரும், மூக்கடியில் மெல்லிய குழாய் வரும். ஊசி இல்லை, நோவும் இல்லை. வயர்களைக் கண்டால் "கரண்ட் வைப்பார்களோ" என்று சிலர் நடுங்குகின்றனர். கேட்ட கதைகளும் கண்ட கதைகளும் அப்படி. இந்த வயர்கள் உடம்பிலிருந்து வரும் மிகச் சிறிய மின் சைகைகளைப் பதிவு செய்பவை மட்டுமே. உள்ளே மின்சாரம் எதுவும் செலுத்துவதில்லை. நீங்கள் என்ன கனவு கண்டீர்கள் என்பதும் எந்த வயரிலும் பதியாது.

அறையில் இருட்டிலும் படம் பிடிக்கும் கெமரா இருக்கும். இதுதான் எமது பெண்களுக்குப் பெரிய தடை. வயர் ஒட்டும்போது தலைச்சீலையைக் கழற்ற வேண்டும், ஒட்டிய பின் தளர்வான பருத்திச் சீலையைப் போட முடியுமா என்று கேளுங்கள். பெண் ஊழியர் கிடைப்பாரா, மகளோ சகோதரியோ கூடத் தங்கலாமா, பதிவை யார் யார் பார்ப்பார்கள் என்பவற்றைத் திகதி எடுக்கும்போதே கேட்டு வையுங்கள். கேட்பது உங்கள் உரிமை. முகத்தில் வயர் வருமுன் வுளூச் செய்து இஷாவை முடித்துவிடலாம். இரவில் மலசலகூடம் போக வேண்டுமெனில் குரல் கொடுத்தால் போதும், வயர்ப் பெட்டியைக் கழற்றி விடுவார்கள். சுபஹ் நேரத்தையும் சொல்லி வையுங்கள்.

"அந்நிய இடத்தில் எனக்கு எங்கே நித்திரை வரும்?" என்று எல்லோரும் கேட்கின்றார்கள். வீட்டைப் போல் வராதுதான். ஆயினும் சில மணி நேர உறக்கமே பெரும்பாலும் போதுமாகின்றது. மூச்சடைப்பு கடுமையெனத் தெரிந்தால் நடு இரவில் எழுப்பி முகத்தில் மாஸ்க் ஒன்றை மாட்டக்கூடும், பயப்பட வேண்டாம். அது காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் இயந்திரம். அவுஸ்திரேலியாவில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981இல் அறிமுகப்படுத்திய சிகிச்சை முறை அது.

வெளியில் தங்கவே முடியாதவர்கள் வீட்டில் மாட்டிக்கொண்டு உறங்கும் சிறிய கருவி பற்றி வைத்தியரிடம் விசாரிக்கலாம். அது மூச்சையும் ஒட்சிசனையும் அளக்கும், பொதுவாக மூளை அலைகளைப் பதியாது. ஆகவே உண்மையில் உறங்கினீர்களா என்பது அதில் தெளிவாகத் தெரிவதில்லை.

முடிவு உடனே வராது. அறிக்கையில் மணித்தியாலத்திற்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற எண் இருக்கும். 5இற்குக் கீழ் சாதாரணம், 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எண் சாதாரணமாக இருந்தும் பயங்கரக் கனவுகளும் திடுக்கிட்டு விழிப்பதும் தொடர்ந்தால், "ஒன்றுமில்லையாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டுப் படுத்துவிடாதீர்கள். அதே அறிக்கையுடன் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள், அதற்கும் தனியே சிகிச்சை உண்டு. இரண்டும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

அறிக்கையின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி கிளினிக் கொப்பியுடன் வையுங்கள். சுனாமியில் கொப்பிகள் போய், எந்த வருத்தத்திற்கு என்ன மருந்து குடித்தோம் என்று சொல்ல முடியாமல் நின்றவர்களுக்கு அந்தக் கடதாசியின் பெறுமதி தெரியும்.