பூவைப் படம் எடுங்கள்... நாலு பேரிடம் காட்டுங்கள்!

இன்று கைபேசி இல்லாத தோட்டம் இல்லை. செண்டுமல்லி பூத்தால் படம், பாகற்கொடி காய்த்தால் படம், புது ரோஜா நாற்று துளிர்த்தால் படம் என்று எடுத்துத் தள்ளுகிறோம். ஆனால், எடுத்த நூறு படங்களில் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும்படி இருப்பது எத்தனை? வேளாண் அலுவலகத்துக்கு அனுப்பினால் பார்த்தவுடன் பிரச்னை புரியும்படி இருப்பது எத்தனை?

‘விவசாயிக்கு எதுக்குங்க இந்தப் படம் பிடிக்கிற கலை?’ என்று கேட்கலாம். நாற்றுப் பண்ணை வைத்திருப்பவருக்குப் படம்தான் கடை வாசல். பூச்சி, நோய் பற்றி ஆலோசனை கேட்பவருக்குப் படம்தான் நாக்கு. இரண்டும் இல்லாவிட்டாலும், நம் கையால் வளர்த்த பூவை நாலு பேர் ரசிக்கப் பார்ப்பது ஒரு நிறைவு. இதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. கொஞ்சம் பொறுமையும், அடுத்தவர் சொல்வதைக் கேட்கும் காதும் போதும்.

பூவின் நேரம் தெரிந்தவர் நீங்கள்தான்

நகரத்துப் புகைப்படக்காரரைவிட உழவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. எந்தப் பூ எப்போது விரியும் என்பது நமக்குத் தெரியும். பரங்கிப் பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறும்போது சுருங்கிவிடும். வெண்டைப் பூவுக்கும் காலைதான் நேரம். மல்லிகையை மொட்டாகவே பறித்துவிடுகிறோம். அது மலர்வது மாலையில்தான். எனவே, செடியில் மலர்ந்த மல்லிகை வேண்டுமென்றால் நாலு மொட்டைப் பறிக்காமல் விட்டு, அந்தி நேரத்தில் போக வேண்டும். நாம் பரவலாகப் பயிரிடும் பருத்தியின் பூ முதல் நாள் வெளிர் மஞ்சளாக இருந்து, மறுநாள் இளஞ்சிவப்பாக மாறும். இரண்டும் ஒரே செடியில் இருக்கும்போது எடுத்தால், அந்தப் படமே ஒரு பாடம். முற்றிய சூரியகாந்தி கிழக்கு பார்த்து நிற்பதால், காலை வெளிச்சம் அதன் முகத்தில் நேராக விழும்.

உச்சி வெயிலில் மட்டும் எடுக்காதீர்கள். ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் கறுத்துப் போகும். வெயில் ஏறுவதற்கு முன்பும், பொழுது சாயும் நேரமும் நல்லது. மேகமூட்டமான நாள் இன்னும் நல்லது. அவசரமாக வெயிலில் எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஒருவரைக் குடை பிடிக்கச் சொல்லுங்கள். நிழல் விழும் பக்கத்தில் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் பூவின் இருண்ட பகுதியைத் தெளிவாக்கும். காலையில் காற்று அடங்கி இருப்பதால் பூவும் ஆடாது.

உட்காருங்கள், ஓரடி நகருங்கள்

முதல் வேலை, கைபேசியின் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடைப்பது. வியர்வைக் கையும், தோட்டத்துத் தூசியும் பட்ட லென்ஸில் எல்லாப் படமும் பனி மூடியதுபோலத்தான் வரும்.

அடுத்து, நின்றபடியே குனிந்து எடுக்கும் பழக்கத்தை விட வேண்டும். பூவின் உயரத்துக்கு நீங்கள் இறங்குங்கள். நாலைந்து விரற்கடை தூரத்துக்குள் நெருங்கினால் பெரும்பாலான கைபேசிகள் தடுமாறும். சற்றுத் தள்ளி எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். திரையில் பூவின் மேல் விரலால் தொட்டால் அந்த இடம் தெளிவாகும். சம்பங்கி, மல்லிகை போன்ற வெள்ளைப் பூக்களை இருண்ட இலைகளுக்கு முன்னால் எடுத்தால், கைபேசி தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி, இதழின் நரம்பே தெரியாமல் வெளுக்கவைத்துவிடும். தொட்ட இடத்தில் பல கைபேசிகளில் சிறு சூரியன் படம் தோன்றும். அதைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள்.

கேமரா அமைப்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு ஒன்பது கட்டங்கள் காட்டும் வசதி உண்டு. அதைப் போட்டுக்கொண்டு, பூவை நட்டநடுவில் வைக்காமல், கோடுகள் சந்திக்கும் ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள். பூ எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் இடம் விடுங்கள். பின்னால் சொட்டுநீர்க் குழாயோ, உரச்சாக்கோ தெரிந்தால் ஓரடி நகர்ந்தாலே மறைந்துவிடும்.

சிலர் பனித்துளி வேண்டுமென்று மாலையில் பூவின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். இரவு முழுவதும் ஈரம் நின்றால் அது பூஞ்சாணத்துக்கு விருந்து. விடியலில் போனால் நிஜமான பனித்துளியே கிடைக்கும்.

ஒரு கண்வலிப் பூவும் மூன்று கருத்துகளும்

திருப்பூர் மாவட்டம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு சாகுபடி செய்யும் இளம் பெண் விவசாயி ஒருவர் படம் எடுப்பதில் ஆர்வம் உள்ளவர். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அங்கே விதைக்காகப் பயிராகும் கண்வலிக்கிழங்கு. அவர் எடுத்த முதல் படத்தில் பந்தல் முழுவதும் பூ. அழகாகத்தான் இருந்தது. மாமியாரிடம் காட்டினார்.

“ஏங்கண்ணு, பூவைப் பார்க்கறதா, கம்பியைப் பார்க்கறதா? எல்லாம் கசகசன்னு இருக்குதே!” என்றார் மாமியார்.

மறுநாள் காலை ஒரே ஒரு பூவைத் தேர்ந்தெடுத்து, கீழே உட்கார்ந்து, வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தார். மஞ்சள் அடியும் சிவந்த நுனியுமாக, மேல் நோக்கி மடங்கிய ஆறு இதழ்களும் நெருப்புபோல நின்றன. ஊரில் ஸ்டுடியோ வைத்திருப்பவரிடம் காட்டினார். “நல்லா இருக்குதுங்க அம்மிணி. ஆனா வானம் வெளுத்துப்போய் கண்ணைக் கூசுது. சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கட்டும். பூவுக்குப் பின்னாடி தூரத்துல இருக்கற மர நிழல் வர்ற மாதிரி நில்லுங்க” என்றார் அவர். அப்படியே மூன்றாவது படம் எடுத்தார். கரும்பச்சைப் பின்னணியில் பூ தனியாக எழுந்து நின்றது.

அந்தப் படத்தை உழவர் குழுக் கூட்டத்தில் காட்டினார். எல்லோரும் பாராட்ட, மூத்த விவசாயி ஒருவர் மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டு, “எல்லாஞ் சரிதானுங்க. சூல்முடி எங்க? அது தெரியலீன்னா பாதிப் பூதானுங்களே” என்றார்.

கண்வலி சாகுபடி செய்பவருக்கு இதன் அருமை புரியும். இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். அதனால் மகரந்தம் தானாகச் சூல்முடியில் சேர்வது குறைவு. காலை வேளையில் கையால் தொட்டுவைத்தால்தான் காய்ப்பிடிப்பு கூடும். காய் பிடித்தால்தான் விதை, விதைதான் வருமானம்.

நாலாவது படத்தைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தார். வளைந்த சூல்தண்டு படத்தின் குறுக்கே கோடு கிழித்ததுபோல் ஓடியது. நான்கில் அதுதான் மிக அழகான படம். மகரந்தச் சேர்க்கைக்குப் புதிதாக வரும் ஆட்களுக்கு, ‘இதிலிருந்து எடுத்து, இங்கே தொட்டுவையுங்கள்’ என்று காட்ட இப்போது அந்தப் படம்தான் பயன்படுகிறது. பூவைப் பற்றித் தெரிந்தவரின் ஒரு சொல், அழகையும் பயனையும் சேர்த்தே கூட்டிவிட்டது.

(இந்தச் செடி முழுவதும் நஞ்சு. படம் எடுக்கக் குழந்தைகள் கூட வந்தால், எந்தப் பாகத்தையும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கருத்து கேட்பதற்கும் முறை உண்டு

‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால், ‘சூப்பர்’ என்றுதான் பதில் வரும். அதனால் ஒரு பயனும் இல்லை. இப்படிக் கேளுங்கள்:

• பார்த்ததும் கண் முதலில் எங்கே போகிறது?
• எதை எடுத்துவிட்டால் படம் நன்றாக இருக்கும்?
• பூவைப் பற்றி என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை?

பூவை அறிந்தவர், படக்கலை அறிந்தவர், இரண்டும் அறியாதவர் என மூன்று விதமானவர்களிடம் காட்டுங்கள். அவர்கள் பேசும்போது குறுக்கே விளக்கம் சொல்லாதீர்கள். படத்தோடு நீங்களும் கூடவே போய் விளக்க முடியாது அல்லவா? இருவர் ஒரே குறையைச் சொன்னால் திருத்துங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் யோசியுங்கள். திருத்தும்போது ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எது பலன் தந்தது என்று தெரியும். உரத்தைச் சோதிக்க ஒரு பாத்தியில் மட்டும் போட்டுப் பார்ப்பதில்லையா, அதே கணக்குதான்.

நீங்கள் கருத்து சொல்லும் இடத்தில் இருந்தால், முதலில் நிறை ஒன்று, பிறகு குறை ஒன்று. பள்ளிப் பிள்ளைகளிடம் இது மிக முக்கியம்.

நிறத்தில் கை வைக்காதீர்கள்

ஓரங்களை வெட்டலாம், சாய்ந்ததை நிமிர்த்தலாம், வெளிச்சத்தை லேசாகச் சரிசெய்யலாம். நிறத்தைக் கூட்டும் ‘ஃபில்டர்’ மட்டும் வேண்டாம். படத்தில் ரத்தச் சிவப்பாகப் பார்த்து ரோஜா நாற்று வாங்கியவர், வீட்டில் வெளிர்சிவப்பு பூத்தால் மறுபடி உங்களிடம் வரமாட்டார். மல்லிகை மொட்டு ஊதா நிறமாவது பூச்சித் தாக்குதலின் அடையாளங்களில் ஒன்று. ஃபில்டர் போட்ட படத்தில் அது மறைந்துபோனால், ஆலோசனையும் தவறிப்போகும்; மருந்துச் செலவும் வீணாகும்.

வாசகர் கேள்விகள்

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தெளிவு குறைகிறதே?
சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்படும். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால், எடுத்தபடியே போய்ச் சேரும்.

பூச்சி, நோய் பற்றிக் கேட்க எத்தனை படம் அனுப்ப வேண்டும்?
குறைந்தது மூன்று. முழுச் செடி ஒன்று, பாதித்த கிளை ஒன்று, பாதித்த மொட்டு அல்லது இலையின் நெருக்கமான படம் ஒன்று. அளவு தெரிய அருகில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். கடைசியாக என்ன மருந்து, எப்போது தெளித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

வீட்டுக்குள் வைத்து எடுக்கலாமா?
தாராளமாக. ஜன்னல் ஓரமாக வைத்து, விளக்கை அணைத்துவிட்டு எடுங்கள். பின்னால் ஒரே நிறத்தில் புடவையோ துண்டோ தொங்கவிட்டால் போதும்.

மார்கழி வந்தால் வாசலெல்லாம் பரங்கிப் பூ. இந்த வருஷம் கோலத்தில் வைப்பதற்கு முன்பு, கொடியில் இருக்கும்போதே ஒரு படம் எடுங்கள். வீட்டில் மூன்று பேரிடம் காட்டி, மறுநாள் விடியலில் அதே கொடியிடம் மறுபடி போங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உங்களுக்கே புரியும்.