என்.பி.வி. கரைசலை மாலையில் தெளிப்பது ஏன்?

கொண்டைக்கடலை, துவரையைத் தாக்கும் பச்சைக் காய்ப்புழுவுக்கு என்.பி.வி. வைரஸ் கரைசல் தெளித்த விவசாயிகள் சிலர், 'தெளித்தும் புழு சாகவில்லை' என்கின்றனர். மருந்தைக் குறை சொல்லும் முன், தெளித்த நேரத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த வைரஸின் உயிர்நாடி அதனுள் இருக்கும் டி.என்.ஏ., தான். அடினைன், குவானைன், தைமின், சைட்டோசின் என்ற 4 காரங்களால் ஆனது டி.என்.ஏ. இவற்றில் தைமினும் சைட்டோசினும் பிரிமிடின் வகை. வெயிலின் புறஊதாக் கதிர் பட்டால், இழையில் அடுத்தடுத்துள்ள இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று பிணைந்துவிடும். கயிற்றில் முடிச்சு விழுந்தது போல, அந்த இடத்தில் டி.என்.ஏ.வைப் படியெடுப்பது தடைபடும். இப்படிப் பல முடிச்சுகள் விழுந்த வைரஸ், புழுவின் உடலில் பெருகாது.

பயிரின் செல்களிலும் இதே பாதிப்பு நேர்கிறது. ஆனால், அதைச் சரிசெய்யும் நொதிகள் பயிரில் உண்டு. இலை மேல் கிடக்கும் வைரஸால் தன்னைச் சரிசெய்துகொள்ள இயலாது.

எனவே, வெயில் தாழ்ந்த பிறகே தெளிக்க வேண்டும். இரவு முழுவதும் புழு இலையைத் தின்னும்போது வைரஸ் வீரியத்துடன் உள்ளே செல்லும். ஏக்கருக்கு 1 கிலோ வெல்லத்தைக் கரைத்துச் சேர்த்தால், புழு விரும்பித் தின்னும். இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். புழுக்கள் சிறிதாக இருக்கும்போது தெளிப்பதே பலன் தரும்.

புழு சாக ஒரு வாரம் வரை ஆகலாம். அவசரப்பட்டு மறுநாளே பூச்சிக்கொல்லி அடித்துச் செலவைக் கூட்ட வேண்டாம். செடியின் உச்சியில் புழுக்கள் தலைகீழாகத் தொங்கினால், வைரஸ் வேலை செய்துவிட்டது என்று பொருள்.