பொத்தானா? தொடுதிரையா?

நடுவர் அவர்களே! 2020-இல் வந்த புரோட்டோன் எக்ஸ்50 காரில் குளிர்சாதனத்துக்குத் தனிப் பொத்தான்கள் இருந்தன. 2025 ஜூலையில் வந்த புதிய எக்ஸ்50-இல் 14.6 அங்குலத் தொடுதிரை. பெரும்பாலான பொத்தான்கள் அதற்குள் போய்விட்டன. இளைஞர்களுக்குக் கொண்டாட்டம். பழைய உரிமையாளர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். பிடிவாதம் என்கிறது எதிரணி.

வரைபடத்துக்கும் பின்பக்கக் கேமராவுக்கும் பெரிய திரை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் தெலுக் இந்தானிலிருந்து பீடோருக்கு அடைமழையில் ஓட்டிப் பாருங்கள். முன்கண்ணாடியில் ஆவி படிகிறது. பொத்தானை விரலே தேடிக்கொள்ளும். திரைக்குக் கண் வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால், கார் 33 மீட்டர் ஓடிவிடும். எதிரே செம்பனை லோரி!

ஐரோப்பாவின் யூரோ என்கேப் பாதுகாப்புச் சோதனையில், 2026 முதல் சிக்னல், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனி விசை இருக்கிறதா என்று பார்த்தே மதிப்பெண் தருகிறார்கள். "ஹாய் புரோட்டோன்" என்று குரல் கொடுத்தால் போதுமே என்கிறார் எதிரணித் தம்பி. அந்த மழை இரைச்சலில் காருக்குக் காது கேட்க வேண்டுமே, தம்பி!