பழுதில் பிறந்த நாதம்

கச்சேரி நடந்துகொண்டிருக்கையில் ஒலிபெருக்கி கரகரவென்று இரைந்தால் நாம் என்ன செய்வோம்? முகத்தைச் சுளிப்போம், ஒலிபெருக்கிக்காரரைத் தேடுவோம். அந்தக் கரகரப்பையே விலைகொடுத்து வாங்கி, அதற்கென்று ஒரு பெட்டி செய்து, பெட்டியின்மேல் வித்வானின் பெயரையும் பொறித்துவைக்கும் சங்கீத உலகம் ஒன்று உண்டென்றால் நேயர்கள் நம்புவார்களோ? மின்சாரக் கித்தாரின் உலகம் அத்தகையது.

1960-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் நாஷ்வில் நகரில், மார்ட்டி ராபின்ஸ் என்னும் பாடகரின் பாட்டு ஒலிப்பதிவாயிற்று. வாத்தியம் வாசித்தவர் கிரேடி மார்ட்டின். ஒலிப்பதிவு யந்திரத்தில் ஓர் உறுப்பு பழுதுபட்டிருந்தபடியால், தந்தியின் நாதம் வண்டின் ரீங்காரம்போல் கரகரத்து வெளிவந்தது. அதை அழித்துவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 1961-இல் இசைத்தட்டு வெளியாயிற்று. ஜனங்கள் விரும்பிக் கேட்டார்கள். ஒலிப்பதிவு நிபுணரான கிளென் ஸ்னாடி அந்தப் பழுதை ஆராய்ந்து, டிரான்ஸிஸ்டர்களைக் கொண்டு அதை வேண்டும்போதெல்லாம் வரவழைக்க வழிகண்டார். 1962-இல் கிப்ஸன் கம்பெனி அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியாரின் பாட்டொன்றில் ஒலித்த பிறகே அதன் கீர்த்தி பரவிற்று. மறு ஆண்டில் லண்டனில் ‘ஃபஸ் ஃபேஸ்’ என்னும் வட்டமான பெட்டி தோன்றிற்று. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் அதைக் காலால் மிதித்து வாசித்துப் பிரசித்தமாக்கினார்.

ஒலியலையின் உச்சியை வெட்டி, மொட்டை மாடிபோல் தட்டையாக்குவது ஃபஸ். ஓவர்டிரைவ் என்பது வேறு; பழைய வால்வு ஒலிபெருக்கி சக்திக்கு மீறி உழைக்கையில் உண்டாகும் கம்மலை ஒத்தது; உச்சியை வெட்டாமல் மெல்ல மழுக்குவது. முன்னது முரட்டுக் குரல். பின்னது உணர்ச்சியால் தழுதழுத்த குரல். இவ்விரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கி, இரண்டு மிதிகள் வைத்து, தனித்தோ சேர்த்தோ ஒலிக்கச் செய்கிறார்கள் இன்றைய சிறு பட்டறைக்காரர்கள்.

இங்கேதான் கைத்திறன் வேண்டியிருக்கிறது. பழைய ஃபஸ்ஸின் உயிர் ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டரில் இருக்கிறது. அதுவோ ஒன்றைப்போல் மற்றொன்று இராது. வெயில் ஏறினால் குணமும் மாறும். ஆகவே ஒவ்வொன்றையும் அளந்து, வேண்டாதவற்றைத் தள்ளி, இணையானவற்றைப் பொறுக்கி, பற்றவைத்து, கித்தாரை மீட்டிக் காதால் சோதிக்கவேண்டும். கித்தாரின் ஒலித்திருகைச் சற்றே குறைத்தவுடன் முரட்டுக் குரல் தெளிந்து இனிக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு வித்வான் வாசித்துப் பார்ப்பார், “இன்னும் கொஞ்சம்” என்பார், மீண்டும் பிரிப்பார்கள். அவர் திருப்தியடைந்த பின்னரே அவர் பெயர் பெட்டியில் ஏறும்.

யந்திர யுகத்தில் கைத்தொழிலுக்கு ஏது இடம் என்று கேட்கும் அன்பர்கள் நம்மிடையே பலர். மாபெரும் ஆலைகள் மலிந்த அமெரிக்காவிலேயே, ஆயிரக்கணக்கில் அச்சடித்தாற்போல் வரும் பெட்டிகள் மலிவாய்க் கிடைக்கையிலேயே, ஒருவர் கையால் செய்ததற்கு வித்வான்கள் அதிக விலை கொடுத்துக் காத்திருக்கிறார்கள். பெட்டியின் மேலே விளங்குவது வித்வானின் பெயர். உள்ளே ஒவ்வொரு பற்றையும் வைத்த தொழிலாளியின் பெயரைப் பலர் அறியார். அந்த நாதத்தைக் கேட்டுக் கைதட்டும்போது அவரையும் ஒரு கணம் நினைப்பது நம் கடமையல்லவா?