பாக்கோவில் பாதி வழி

"மூன்று மணிக்குக் கரையில் இருங்கள். பிந்தினால் தண்ணீர் வற்றிவிடும்" என்று படகோட்டி மலாயில் இரண்டு முறை சொன்னார். அம்மாவும் நானும் தலையாட்டினோம்.

கூச்சிங்கிலிருந்து சுமார் 37 கிலோமீட்டரில் பாக்கோ கிராமம். சாலை அதோடு முடிகிறது. பூங்காவுக்குப் படகில்தான் போக வேண்டும். 1957இல் அறிவிக்கப்பட்ட பாக்கோ, சரவாக்கின் முதல் தேசியப் பூங்கா. 27 சதுர கிலோமீட்டர்தான் என்பதால் ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

எந்தப் பாதையில் போகிறோம் என்று அலுவலகப் பதிவேட்டில் எழுத வேண்டும். நாங்கள் எழுதியது தெலுக் பாண்டான் கெச்சில்: 2.6 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அது நடந்து பழகியவர்களின் கணக்கு! வேர்களைப் பிடித்து ஏறும்போதுதான் அம்மாவின் முழங்கால் ஞாபகம் வந்தது எனக்கு.

மேலே போனதும் காடே வேறு. வெள்ளை மணல், குட்டை மரங்கள், மண்டையைப் பிளக்கும் வெயில். தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள். இபான் மக்கள் இதைக் 'கெராங்காஸ்' என்பார்கள். நெல் விளையாத நிலம் என்று பொருள். சத்தில்லாத மண் என்பதால் குடுவைச் செடிகள் பூச்சிகளைப் பிடித்துப் பிழைக்கின்றன. அம்மா ஒவ்வொரு குடுவையாக எட்டிப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பாறை விளிம்பை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. கீழே கடற்கரை. இறங்கிக் குளித்துவிட்டு வந்தால் படகு போய்விடும்.

"நீ போயிட்டு வா, நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்."

தனியே விட மனமில்லை. ஆனால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் திரும்பினேன்.

அலையாத்திக் காட்டுக்கு வந்ததும் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். தலைக்கு மேலே ஒரு நீள்மூக்குக் குரங்கு, இலையை மென்றுகொண்டு. போர்னியோ தீவில் மட்டுமே வாழும் இனம். ஆணின் அந்தத் தொங்கும் மூக்கு, குரலைப் பெருக்கிக் கொடுக்கிறதாம். வானொலியில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே எனக்கு வியர்க்கும். அங்கே கால் மணி நேரம் இருவரும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் அம்மாதான் முணுமுணுத்தார்: "உங்க தாத்தா மூக்கு."

இரண்டு ஐம்பதுக்கே கரைக்கு வந்துவிட்டோம். தண்ணீர் அதற்குள் வற்றத் தொடங்கியிருந்தது. முழங்கால் அளவுக் கடலில் நடந்துதான் படகேற வேண்டும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா முன்னால் இறங்கினார்.

"இப்பத்தான் வலி தேவல" என்றார், திரும்பிப் பார்க்காமல்.